மலைநாட்டு நீர்த்தேக்கத்தில் பழைய மோட்டார் படகு: வாங்குவது முதல் கசிவை அடைப்பது வரை

நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து 18 அடி பைபர் படகு ஒன்றை வாங்கி, பழுதுபார்த்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறக்கினேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் போயின. கடலோரத்தில் என்றால் ஒரு தெருவுக்கு ஒருவர் இந்த வேலை தெரிந்தவர் இருப்பார். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் கேட்பதற்கு ஆளில்லை. நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காக, எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது பைபர் உடலும், பின்பக்கத்தில் வெளியே மாட்டும் வெளியிணைப்பு எஞ்சினும் உள்ள சிறிய படகுக்கு. பலகைப் படகின் வேலை வேறு.

1. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

மலையின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் பைபர் வேலையை நினைத்தும் பார்க்காதீர்கள். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் தோறும் இடியுடன் மழை. உங்களுக்குக் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதங்கள்தான். அதனால் படகு தேடுவதையும் அனுமதிக் கடிதங்களையும் ஆண்டு முடிவதற்குள் முடித்து, ஜனவரியில் படகை மேலே கொண்டுவாருங்கள். பெப்ரவரியில் பைபர் வேலை, மார்ச் தொடக்கத்தில் எஞ்சின், மார்ச் நடுவில் தண்ணீரில் இறக்குதல் என்று வைத்துக்கொண்டால் கசிவைத் தேடுவதற்கும் சில வாரங்கள் மிஞ்சும். அந்தச் சில வாரங்களை நான் ஒதுக்கவில்லை. சித்திரைப் புத்தாண்டு வந்து கடைகளும் ஆட்களும் இல்லாமல் போன நேரத்தில்தான் எனக்குப் பசை தேவைப்பட்டது.

2. படகைத் தேடும் முன் அனுமதியைக் கேளுங்கள்

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படகு முற்றத்தில் வந்து நின்ற பிறகு அனுமதி இல்லை என்று தெரிந்தால், அதைத் திரும்பக் கடலோரம் அனுப்புவதற்கும் லொறிக் கூலி நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

காசல்ரீ, மவுசாக்கலை இரண்டும் மின்னுற்பத்தியைப் பார்க்கும் அரச மின்சார நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவை. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல பக்கம் என்றால் மகாவலி அதிகார சபை. நுவரெலியா கிரகறி வாவிக்கு மாநகர சபையிடம் போக வேண்டும். கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றும் எண்ணம் இருந்தால் முதல் கடிதத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டுப் பிறகு மாற்றுவது புதிதாகத் தொடங்குவதைவிடச் சிரமம். அணைக்கட்டின் அருகே எந்தப் படகுக்கும் இடமில்லை. எல்லை எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நான் ஒரே கோப்பில் வைத்திருந்தவை: தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, படகை எந்தக் கரையில் நிறுத்துவேன் என்று காட்டும் கையால் வரைந்த படம், அந்தக் கரை தோட்டத்துக்குரியது என்பதால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம். கடைசியில் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். தண்ணீர் ஒருவருடையது, அதற்கு இறங்கும் பாதை இன்னொருவருடையது.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் என் கடிதம் காணாமல் போனது. முத்திரையிட்ட பிரதி கையில் இல்லாததால் நான்கு வாரங்களை இழந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

3. வாங்கும்போது கேட்க வேண்டிய தாள்கள்

கடலோரத்துப் படகு பெரும்பாலும் மீன்பிடிப் படகாகப் பதிவாகியிருக்கும். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில் இலக்கம் இருக்கும். அந்த இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். விற்பவரின் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். பெயர் மாற்றமோ பதிவு நீக்கமோ, அது பதிவான மாவட்டத்தின் கடற்றொழில் அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும். படகு மலைக்கு வந்த பிறகு அதற்காகக் கரைக்கும் மலைக்கும் அலைவதைவிட, பணத்தில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, "பெயர் மாறிய அன்று மீதியைத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நேர்மையான ஆள் மறுக்க மாட்டார்.

எஞ்சினுக்குத் தனியாக விற்பனைக் கடிதம் வேண்டும். அதில் எஞ்சின் இலக்கத்தை எழுதுங்கள். இலக்கத் தகடு பிய்க்கப்பட்டோ உரசப்பட்டோ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். திருட்டு எஞ்சின் உங்களைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகும்.

4. படகின் உடலைச் சோதிப்பது

வர்ணத்தைப் பார்க்காதீர்கள். ஒரு சுத்தியல் பிடியோடு போங்கள். எஞ்சின் மாட்டும் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடத்தில் கணீரென்ற ஓசை வரும். உள்ளே பலகை உளுத்த இடத்தில் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் மந்தமாக இருக்கும். பிறகு எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பின்பலகை சேர்ந்து வளைந்தால் உள்ளிருக்கும் ஒட்டுப்பலகை போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்றுவதுதான் இந்த வேலைகளில் மிகப் பெரியது. விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஏரா, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு. மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேய்ந்திருக்கும். இழைகள் வெளியே தெரிகிறதா என்று படுத்துப் பாருங்கள். கடைசியாக, ஆட்கள் சேர்ந்து படகைத் தூக்கிப் பாருங்கள். அந்த அளவுப் படகுக்கு அசாதாரணமாகக் கனத்தால் படகு மூழ்காமல் காக்கும் மிதவைப் பெட்டிக்குள் இருக்கும் நுரை தண்ணீரைக் குடித்திருக்கிறது. அது பின்னால் உங்களை ஏமாற்றும். அதைப் பற்றி ஏழாவது படியில் சொல்கிறேன்.

5. மலைக்கு ஏற்றுவது

அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக வரும் பாதையின் வளைவுகள் உங்களுக்குத் தெரியும். லொறித் தட்டில் படகை வெறுமனே வைத்துக் கயிற்றால் இறுக்கினால், ஒவ்வொரு வளைவிலும் உடல் முறுகும். பழைய டயர்களை நான்கு இடத்தில் ஏராவுக்குக் கீழே கொடுங்கள். கயிறு விளிம்பைத் தொடும் இடமெல்லாம் சாக்கு மடித்து வையுங்கள். எஞ்சினைக் கழற்றித் தனியாகக் கொண்டுவாருங்கள். படகு தட்டுக்கு வெளியே நீண்டால் சிவப்புத் துணி கட்ட வேண்டும். பனிமூட்டம் இறங்கும் முன் கினிகத்தேனையைத் தாண்டும்படி புறப்படுங்கள்.

இறக்கியதும் கயிறு இறுக்கிய இடங்களில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பென்சிலால் வட்டமிடுங்கள். அப்போது விட்டுவிட்டால் வர்ணம் பூசிய பிறகு தெரியாது.

6. குளிரிலும் ஈரத்திலும் பைபர் வேலை

கடலோரத்துப் பாஸ்மார், அதாவது படகு வேலை தெரிந்த கைவினைஞர்கள், சொல்லும் அளவுகள் 30 பாகை வெப்பத்துக்கு உரியவை. இங்கே காலையில் 14, 15 பாகைதான். பைபர் இழைகளை ஒட்டும் ரெசின் இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும். சிலர் அதைப் பார்த்துப் பயந்து, ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரை அள்ளி ஊற்றுவார்கள். அது மேலே வெடித்து உள்ளே பச்சையாக இருக்கும். பொலியெஸ்டர் ரெசின் ஒரு கிலோவுக்கு ஹார்ட்னர் 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை. குளிரில் மேல் எல்லைக்குப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டுக்குள் கடைசிப் பூச்சை முடித்துவிடுங்கள். மூன்று மணிக்குப் பனி இறங்கினால் பச்சை ரெசினின் மேல் ஈரம் படியும். படகுக்கு மேல் தார்ப்பாய் கட்டி இரண்டு முனையையும் காற்றோட்டத்துக்குத் திறந்து விடுங்கள். சூடேற்ற விறகு மூட்டாதீர்கள், ரெசினின் ஆவி தீப்பிடிக்கும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். ஊதா நிற முடுக்கித் திரவம் தனியாகக் கொடுத்தார்கள் என்றால், அதையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலக்கக் கூடாது. வெடிக்கும்.

ஓட்டையை அடைக்கும்போது ஓட்டையின் அளவுக்குப் பைபர் இழைப் பாயை வெட்டி ஒட்டுவது வீண். சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும்: உடலின் தடிப்பு 5 மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீற்றர் சரிவு. அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. பிறகு அசிற்றோனால் துடைத்து, பெரிய துண்டு, சிறிய துண்டு என்று அடுக்குங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள ஒட்டுகளுக்கு நான் எபொக்சி என்ற வேறு வகை ரெசினைப் பரிந்துரைக்கிறேன். விலை அதிகம், ஆனால் பழைய பைபரை அது பிடிக்கும் பிடி வேறு. எபொக்சி போட்ட இடத்தின் மேல் பிறகு பொலியெஸ்டர் நன்றாக ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்பலகையில் துளையிடும்போது ஒரு வேலையைத் தவறாமல் செய்யுங்கள். போல்ட்டின் அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, எபொக்சியை நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட்டின் அளவுக்குத் துளையுங்கள். அப்போது தண்ணீர் போல்ட்டின் வழியாக வந்தாலும் பலகையைத் தொடாது. என் படகின் முந்தைய உரிமையாளர் இதைச் செய்யவில்லை. நானும் அந்தத் துளைகளைப் பார்க்காமல் வர்ணம் பூசினேன்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக: தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தைக் கேள்வியில்லாமல் மாற்றுங்கள். கியர் எண்ணெயை இறக்குங்கள், பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது. காபரேற்றரைக் கழுவி, பெற்றோல் குழாய்களைப் புதிதாக்குங்கள். 1,000 மீற்றர் உயரத்துக்கு எஞ்சினின் வலு ஏறத்தாழ பத்தில் ஒன்று குறையும். நுவரெலியாவில் ஐந்தில் ஒன்றுக்கு நெருங்கும். கீழே சரியாக ஓடிய எஞ்சின் இங்கே புகை கக்கி இழுத்தால் அது பழுதல்ல. காற்று மெலிந்திருப்பதால் பெற்றோல் மிகையாகிறது. காபரேற்றரில் பெற்றோல் பாயும் துளையான ஜெட்டைச் சிறியதாகப் போடுங்கள். குறைந்த பிற்ச் (இதழ்களின் சாய்வு) உள்ள விசிறியும் உதவும்.

7. இறக்கிய பிறகு கசிந்தால்

கசிவைக் கண்டதும் கை பசைக்குப் போகும். போக விடாதீர்கள். நான் செய்த பிழை அதுதான். தண்ணீர் நடு இருக்கையின் கீழே சுரந்தது. அங்கே உள்ளிருந்து சிலிக்கோன் பூசினேன். அடுத்த நாள் ஒரு சாண் தள்ளிச் சுரந்தது. அங்கேயும் பூசினேன். கடைசியில் நீர்கொழும்பு பைபர் பாஸ் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "தம்பி, தண்ணீர் தெரிகிற இடத்தை விடுங்கள். யார் எங்கே உட்கார்ந்தால் கூடுகிறது, அதைச் சொல்லுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றுதான் குறிப்பெழுதத் தொடங்கினேன்.

முதலில் அது கசிவுதானா என்று பாருங்கள். இரவு மழை பெய்ததா? குளிர்ந்த இரவுக்குப் பின் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா? நுரை குடித்த பழைய தண்ணீர் மிதவைப் பெட்டியிலிருந்து ஊறுகிறதா? படகைக் கரையேற்றி இரண்டு நாள் மூடி வைத்தும் உள்ளே தண்ணீர் சேர்ந்தால் அது வெளியிலிருந்து வந்ததல்ல. பெட்டியின் அடியில் 6 மில்லிமீற்றர் துளையிட்டு வடியவிட்டு, பிறகு அடையுங்கள்.

அடுத்து அளவு. உள்ளே துடைத்து உலர்த்தி, படகை மிதக்கவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு லீற்றர் கோப்பையால் அள்ளி எண்ணுங்கள். எனக்கு 22 கோப்பை வந்தது, மணிக்கு 11 லீற்றர். இந்த எண் இல்லாமல் எந்தப் பழுதுபார்ப்பும் பலித்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது.

பிறகு நிலையை மாற்றி மாற்றி அதே அளவை எடுங்கள். வெறும் படகு ஒருமுறை. பின்புறத்தில் இருவர் உட்கார்ந்து ஒருமுறை. அணியத்தில் இருவர் உட்கார்ந்து ஒருமுறை. எஞ்சினை ஓட்டி அரை மணி நேரம் ஒருமுறை. வெறும் படகில் வராமல் ஆள் ஏறியதும் வந்தால், ஓட்டை வழமையான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஓடும்போது மட்டும் வந்தால் எஞ்சின் போல்ட்டுகள், பின்பலகையின் ஓரம், விளிம்புப் பட்டி ஆகியவற்றைப் பாருங்கள். எந்த நிலையிலும் ஒரே அளவு வந்தால் அடிப்பகுதி, பெரும்பாலும் வடிகால் அடைப்பானைச் சுற்றி. அடைப்பானின் ரப்பரை மட்டும் பார்த்தால் போதாது. அது திருகப்படும் பித்தளை வளையத்துக்கும் உடலுக்கும் இடையிலும் கசியும்.

என் படகில் பின்புறம் கனத்தால் 11 லீற்றர் 19 ஆனது. அணியத்தில் உட்கார்ந்தால் 2 ஆகக் குறைந்தது. ஓட்டை நடு இருக்கையின் பக்கமே இல்லை என்பது அந்த மூன்று எண்களில் தெளிவாகிவிட்டது.

இடத்தைக் காண்பதற்குப் படகைக் கரையேற்றுங்கள். எஞ்சினைக் கழற்றி, ஏராவுக்கு டயர்களால் சீராக முட்டுக் கொடுத்து, வெளிப்பக்கத்தை நன்றாக உலர்த்துங்கள். துணிக்குப் போடும் நீலம் கரைத்த தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். 10 சென்றிமீற்றருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு 100 லீற்றரும் 100 கிலோ. தரையில் நிற்கும் உடல் அதைத் தாங்கப் பிறந்ததல்ல. சுண்ணக்கட்டித் தூளை வெளியே பூசினால் நீலம் முதலில் எங்கே நனைக்கிறது என்று தெரியும். ஒழுகி ஓடிய கோட்டின் அடியைக் குறிக்காதீர்கள், அதன் தலையைக் குறியுங்கள். பின்புறத்தில் மட்டம் உயர வேண்டுமென்றால் அணியத்தை உயர்த்தினால் போதும்.

அப்படித்தான் கண்டேன். முன்பு வேறோர் எஞ்சின் மாட்டியிருந்த இரண்டு பழைய போல்ட் துளைகள், பின்பலகையின் கீழ்ப்பகுதியில், புட்டியும் வர்ணமும் மூடிக் கிடந்தன. அவற்றின் வழியே நுழைந்த தண்ணீர் ஒட்டுப்பலகைக்குள் இறங்கி, தரைத்தட்டின் அடியால் ஓடி, நான்கடி தள்ளி நடு இருக்கையின் கீழே வெளிப்பட்டிருக்கிறது.

அடைப்பது வெளியிலிருந்துதான். உள்ளிருந்து அடைத்தால் தண்ணீர் பைபருக்கும் பலகைக்கும் நடுவில் தங்கி உளுக்கவைக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அது சில வாரங்களில் உரிந்துவிடும், உரிந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. நான் பூசியதைச் சுரண்டித் தேய்த்து எடுக்க இரண்டு நாள் ஆனது. போல்ட், வளையம், பட்டி ஆகியவற்றுக்குப் படகுக்கென்று விற்கும் பொலியூரித்தேன் பசை. துளைக்கும் வெடிப்புக்கும் எபொக்சியும் பாயும். இந்தக் குளிரில் பசைக்கு ஒரு வாரம் கொடுங்கள். பசைக் குழாயில் 24 மணி நேரம் என்று எழுதியிருப்பதை நம்பிப் படகை இறக்காதீர்கள்.

கரையில் நிற்பவர்கள் இரண்டு விடயம் சொல்வார்கள். "இரண்டு நாள் தண்ணீரில் ஊறட்டும், தானாக நின்றுவிடும்" என்பது பலகைப் படகுக்கு உண்மை, மரம் ஊறிப் பருத்து இடைவெளியை மூடும். பைபர் பருக்காது, ஊறுவது உள்ளிருக்கும் பலகை மட்டும்தான், அது உளுப்பதற்காக. "உப்புத் தண்ணீர்ப் படகு நன்னீரில் தாழும், அதனால்தான் வருகிறது" என்பது இன்னொன்று. தாழும், ஆனால் இந்த அளவுப் படகு சில மில்லிமீற்றர்தான் தாழும்.

8. செலவு

ரூபாயில் எழுதினால் சில மாதங்களில் பழசாகிவிடும். 2022-க்குப் பிறகு விலைகள் ஓடிய ஓட்டம் எல்லோருக்கும் தெரியும். பங்காகச் சொல்கிறேன். நான் செலவிட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் படகும் எஞ்சினும் 40, லொறியும் ஏற்றி இறக்கும் கூலியும் 12, ரெசின், எபொக்சி, பாய், வர்ணம் 15, பாஸின் கூலி 10, எஞ்சின் பாகங்கள் 13, உயிர்காப்பு அங்கி, நங்கூரம், கயிறு 4. கசிவுக்கு 6. அந்த ஆறில் நான்கு, இடம் தெரியாமல் வாங்கிய பசைக்கும் வீணாகப் போன கூலிக்கும் போனது. படகின் விலையைவிட ஒன்றரை மடங்கு மேலதிகமாகக் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

9. நிறுத்தி வைக்கும்போது

நீர்த்தேக்கத்தின் மட்டம் குளத்தின் மட்டம்போல் நிற்காது. மின்னுற்பத்திக்குத் திறந்தால் இறங்கும், மேலே மழை பெய்தால் ஏறும். பெப்ரவரி, மார்ச்சில் கரை பின்வாங்கும்போது பழைய மரக்குற்றிகளும் கற்களும் வெளியே வரும்; மவுசாக்கலையில் முன்னாள் மஸ்கெலியா நகரத்தின் கோயிலே தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கரையோரம் கட்டிய படகு இரவில் ஒரு குற்றியின் மேல் உட்கார்ந்தால் புதிய ஓட்டை நிச்சயம். எனவே தண்ணீர் வற்றியிருக்கும் காலத்தில் அந்தக் கரையை நடந்து பார்த்து, அடி சுத்தமாக உள்ள இடத்தைத் தெரிந்தெடுங்கள். மே மாதத்துக்குப் பிறகு இதற்கு எதிரானது நடக்கும்: மட்டம் ஏறும்போது குட்டையாகக் கட்டிய கயிறு அணியத்தைக் கீழே இழுத்துப் படகைத் தண்ணீர் குடிக்க வைக்கும். கயிற்றை நீளமாக விடுங்கள். பெருமழை நாட்களில் காலையும் மாலையும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், அள்ளிய கோப்பைகளை எண்ணி எழுத வேண்டும். வழமையாக இரண்டு கோப்பை வரும் படகில் ஒரு காலை ஐந்து வந்தால், அன்றே கரையேற்றிப் பாருங்கள்.